ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மகள் எங்கே?

அமெரிக்காவில் வாழும், ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினரை ஹிஸ்பானிக் என்று அழைக்கிறார்கள். இவர்களில் பெரும்பான்மையினர் மெக்சிகோ வழி வந்தவர்கள். கால்பந்து என்றால் இவர்களுக்கு உயிர். ஆனால் ஒரே வீட்டில் மகன் ஆடிய அளவுக்கு மகள் ஆடவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ போன்ற நகரங்களில் வேலை தேடி வந்த மெக்சிகோ தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்களுக்குள் லீக் நடத்தினார்கள். பல அணிகளுக்குச் சொந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். ஊர்ச் செய்தி, வேலைத் தகவல் எல்லாம் மைதானத்தில்தான் கிடைத்தன. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போன மகன் அங்கேயே ஆடக் கற்றான். மகளும் கூடப் போனாள்தான். ஆனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மீறிப் பந்தை உதைத்தால் 'மரிமாச்சா' என்று பட்டம் கிடைக்கும். ஆம்பளைத்தனமான பெண் என்று கேலி செய்யும் சொல் அது.

அப்படியானால் மெக்சிகோ மக்களுக்குப் பெண்கள் கால்பந்தே பிடிக்காதா? அப்படிச் சொல்ல முடியாது. 1971-ல் மெக்சிகோவில் பெண்களுக்கான உலகப் போட்டி ஒன்று நடந்தது. ஃபிஃபா அதை அங்கீகரிக்கவில்லை. ஆனாலும் டென்மார்க்குடன் மெக்சிகோ மோதிய இறுதி ஆட்டத்தைப் பார்க்க ஆஸ்டெக் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். ஆதரவு இருந்தது, அதன் பிறகு பெண்களை வளர்த்துவிட அமைப்புதான் இல்லை.

அமைப்பு அமெரிக்கப் பள்ளிகளில் உருவானது. 1972-ல் வந்த 'டைட்டில் நைன்' சட்டம், அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பால் பாகுபாடு கூடாது என்றது. 1971-72ல் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் சுமார் 2.94 லட்சம் மாணவிகளே இருந்தார்கள். 1999-2000ல் அது 26 லட்சத்தைத் தாண்டியது.

இங்கே வணிகவியல் மாணவனாக எனக்குத் தெரிவது ஒரு செலவுக் கணக்கு. தனியார் கிளப்பில் சேர்த்தால் கட்டணம், சீருடை, வெளியூர்ப் பயணம் என்று பணம் கரையும். அதிகம் செலவழிக்க முடியாத வீட்டில் பெரும்பாலும் மகனுக்குத்தான் முதலிடம். பள்ளி அணிக்கு அவ்வளவு செலவில்லை, தூரமும் போக வேண்டாம், பெண்கள் மட்டுமே ஆடுவார்கள். தயங்கிய பெற்றோரும் சம்மதிக்க இது வழி செய்தது.

இதன் பலன் மெக்சிகோவுக்கே போய்ச் சேர்ந்தது. 1999-ல் மெக்சிகோ பெண்கள் அணி முதன்முறையாக ஃபிஃபா உலகக் கோப்பையில் ஆடியது. அந்த அணியில் பலர் அமெரிக்காவில் வளர்ந்து, அங்கே கல்லூரிகளில் ஆடிய மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள்! மூன்று ஆட்டங்களிலும் தோற்றார்கள் என்பது வேறு விஷயம். மெக்சிகோவில் பெண்களுக்கான தொழில்முறை லீக் தொடங்கியதோ 2017-ல்தான்.

இடைவெளி முழுதாக மூடிவிடவில்லை. விமன்ஸ் ஸ்போர்ட்ஸ் ஃபவுண்டேஷன் 2008-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஹிஸ்பானிக் மட்டுமல்லாமல் அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், மகன்களில் 75 சதவீதம் பேர் விளையாட்டில் ஈடுபட்டார்கள். மகள்களில் 43 சதவீதம் பேர்தான்.

'எங்கள் கலாச்சாரம் அப்படி' என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் அதே கலாச்சாரத்தில் வளர்ந்த பெண்கள், பக்கத்துப் பள்ளியில் ஓர் அணி இருந்ததும் உலகக் கோப்பை வரை போனார்களே!