விண்டோஸ் 98-உம் கட்டம் கட்டமாய்த் தெரிந்த தமிழும்

கோட்டைப்பட்டினத்தில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மணமேல்குடி, கட்டுமாவடி, சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம் எல்லாம் தாண்டி அதிராம்பட்டினம் வரும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளமும் தென்னந்தோப்பும். வழியில் இருக்கும் ஊர்களில் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ பிழைக்கப் போனவர் இல்லாத தெருவைக் காண்பது கஷ்டம்.

இந்தச் சாலைக்கும் விண்டோஸ் 98 என்ற பழைய கணினி இயங்குதளத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் அங்கே போக வேண்டும்.

விண்டோஸ் 98 வெளிவந்தது 1998 ஜூன் 25-ம் தேதி. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஏப்ரல் 20-ம் தேதி, சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில் பில் கேட்ஸ் மேடையில் நிற்கும்போதே ஒரு ஸ்கேனரைச் செருகியதும் நீலத்திரை விழுந்து கணினி நின்றுபோனது. அரங்கமே சிரித்தது. இன்னும் விற்பனைக்கு வராததற்கு இதுதான் காரணம் போலிருக்கிறது என்று அவரும் சொல்லிச் சமாளித்தார். அமெரிக்காவில் முழுப் பதிப்பின் விலை 209 டாலர், விண்டோஸ் 95-இல் இருந்து மாறுபவர்களுக்கு 109 டாலர். நம் ஊரில் அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கணினியைக் கட்டித் தருபவரே ஒரு சிடியைப் போட்டு ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். சிடியின் மேல் மார்க்கரால் எழுதிய 25 எழுத்துச் சாவிதான் உரிமம்!

இது ஓட 66 மெகாஹெர்ட்ஸ் 486 பிராசசரும் 16 எம்.பி. நினைவகமும் போதும் என்றது மைக்ரோசாஃப்ட். இன்று கைப்பேசியில் எடுக்கும் மூன்று நான்கு புகைப்படங்கள் அந்த 16 எம்.பி.யை நிரப்பிவிடும். அந்தச் சின்னக் கணினியில் ஒரு தலைமுறையே சுட்டி பிடிக்கக் கற்றுக்கொண்டது. சாலிட்டேரில் சீட்டுகள் துள்ளி விழுவது, செங்கல் சுவர்களுக்கு நடுவே தானாகவே நடந்து போகும் ஸ்கிரீன் சேவர், மேகங்களோடு வரும் தொடக்கத் திரை, அணைத்த பிறகு கறுப்புத் திரையில் ஆரஞ்சு நிறத்தில் 'இனி சுவிட்சை அணைக்கலாம்' என்று வரும் வாசகம்... இவற்றைப் பற்றிப் பேசினால் நாற்பதைத் தாண்டியவர்களின் முகமே மாறிவிடும்.

கரண்ட் போய்விட்டால் தனிக் கதை. மின்சாரம் திரும்பி வந்ததும் கணினி நேராகத் திறக்காது. 'சரியாக மூடாமல் விட்டதால்' என்று குற்றம் சாட்டிவிட்டு, ஸ்கேன்டிஸ்க் நீலத் திரையில் வட்டைச் சோதிக்க ஆரம்பிக்கும். கரண்டை நிறுத்தியது மின்வாரியம், திட்டு வாங்கியது நாம்! இதில் ஒரு வேடிக்கை. விண்டோஸ் 95-லும் 98-லும் ஒரு பிழை இருந்தது. கணினியை அணைக்காமல் 49.7 நாட்கள் ஓட விட்டால் தானாகவே உறைந்துவிடும். நேரத்தை மில்லி விநாடிகளில் எண்ணி வந்த 32 பிட் எண்ணி அப்போது நிரம்பி மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடுவதுதான் காரணம். நம் ஊர் மின்தடைக்கு நடுவில் 49 நாள் தொடர்ந்து ஓடிய கணினி எங்கே இருந்திருக்கும்? அந்தப் பிழை இங்கே யாரையும் தொட்டிருக்க வாய்ப்பே இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் உலகம் முழுவதற்கும் பொதுவான ஏக்கம். பிரேசிலில் இருப்பவரும் போலந்தில் இருப்பவரும் இதையேதான் சொல்வார்கள். தமிழருக்கு மட்டும் சொந்தமான ஒரு நினைவு விண்டோஸ் 98-இல் உண்டு. அது அவ்வளவு இனிமையானது அல்ல.

விண்டோஸ் 98-க்குத் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாது. அதன் உள்ளே ஓர் எழுத்துத் தொகுப்பில் 256 இடங்கள்தான். முதல் பாதி ஆங்கிலத்துக்கு, அடுத்த பாதி ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகளுக்கு. தமிழ் வேண்டுமென்றால் அந்த இடங்களில் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். எழுத்துரு செய்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'அம்மா' என்று எழுதினால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். பாமினி உள்ள கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் மட்டுமே.

இப்போது துபாயில் இருக்கும் ஒருவர் தமிழில் ஒரு மின்னஞ்சல் தட்டுகிறார், அதைக் கோட்டைப்பட்டினத்துப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் அவர் வீட்டார் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்குக் காசு ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் ஒரு சொல்கூடப் படிக்க முடியவில்லை. எழுத்துருவை இறக்கி ஏற்ற வேண்டும், சென்டர்காரர் அதற்கு அனுமதிக்க வேண்டும், அப்புறம் உலாவியில் என்கோடிங்கை 'யூசர் டிஃபைண்ட்' என்று மாற்ற வேண்டும். இவ்வளவையும் செய்வதற்கு ஐ.எஸ்.டி. போனில் இரண்டு நிமிடம் பேசிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். தமிழ் தெரிந்தவர்கள் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதப் பழகியதற்கு இந்த அலுப்பும் ஒரு காரணம்.

பத்திரிகைகளின் இணையதளங்களும் இதற்கு விதிவிலக்கு இல்லை. ஆளுக்கோர் எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. ஒன்றைப் படிக்க இறக்கியது மற்றதற்கு உதவாது. இதைச் சரி செய்ய முயற்சிகள் நடக்காமல் இல்லை. பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு அந்த ஆண்டு ஜூனில் டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் அறிவித்தது. ஒன்றாக ஆக்கப் போய் மூன்றாக ஆனது!

யூனிகோடு அப்போதே இருந்தது என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். 1991 அக்டோபரில் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் உண்டு. ஆனால் இடம் இருந்தால் மட்டும் போதாது. 'கொ' என்ற எழுத்து யூனிகோடில் முதலில் 'க', பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில் பதிவாகும். திரையில் காட்டும்போது அந்தக் குறியைப் பிளந்து, கொம்பைக் ககரத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க ஒரு மென்பொருள் வேண்டும். யூனிஸ்கிரைப் என்பது அதன் பெயர். 2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000-இல் இந்த வசதியும் லதா என்ற தமிழ் எழுத்துருவும் சேர்ந்தே வந்தன. விண்டோஸ் 98-இல் இரண்டுமே கிடையாது. புதிய இன்டர்நெட் எக்ஸ்புளோரரை நிறுவினால் யூனிஸ்கிரைப் கூடவே வந்துவிடும். எழுத்துரு மட்டும் வராது. அதனால் யூனிகோடு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் தெரிவது வரிசை வரிசையாகக் கட்டங்கள்.

2003, 2004 வாக்கில் தமிழில் வலைப்பதிவுகள் தொடங்கியபோது பெரிய வாக்குவாதமே இதைச் சுற்றித்தான். யூனிகோடில் எழுதினால் தேடுபொறியில் கிடைக்கும், எதிர்காலம் அதுதான். ஆனால் படிப்பவர்களில் பலர் இன்னும் 98-இல் இருக்கிறார்கள், அவர்களைக் கைவிடுவதா? இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. வசதி உள்ளவர் எக்ஸ்பிக்கு மாறிவிட்டார், பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் கணினியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏது?

இங்கேதான் அதிராம்பட்டினம் வருகிறது.

அந்த ஊர்க்காரர் உமர்தம்பி. 1953 ஜூன் 15-ம் தேதி பிறந்தவர். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். தமிழ் எழுத்துருக்களையும் தமிழில் தட்டச்சு செய்யும் கருவிகளையும் செய்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாகக் கொடுத்தார். தேனீ, வைகை என்றெல்லாம் பெயர் வைத்தார். இவற்றில் தேனீ செய்த வேலை பெரியது. அதை 'இயங்கு எழுத்துரு'வாக அவர் அமைத்தார். அதாவது படிப்பவர் எதையும் இறக்க வேண்டாம், நிறுவ வேண்டாம். எழுதுபவர் தன் பக்கத்தின் நிரலில் ஒன்றிரண்டு வரிகளைச் சேர்த்துவிட்டால் போதும். எக்ஸ்புளோரர் உலாவி பக்கத்தைத் திறக்கும்போதே எழுத்துருவையும் தானாக எடுத்துக்கொள்ளும். கட்டங்கள் போய்த் தமிழ் வந்துவிடும். விண்டோஸ் 98-லும்!

அந்தக் காலத்துத் தமிழ் வலைப்பதிவுகள் பலவற்றின் நிரலைத் திறந்து பார்த்தால் தேனீயின் பெயர் தென்படும். அந்தப் பக்கங்களைப் படித்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது. எழுத்து தெரிந்தது, படித்தார்கள், போனார்கள். நன்றாக வேலை செய்யும் கருவியின் விதி அப்படி.

அவர் மட்டும்தான் செய்தார் என்று சொல்வது சரியாகாது. ஆங்கில எழுத்துகளில் தட்டினால் தமிழாக மாற்றும் எ-கலப்பையை முகுந்தராஜ் தந்தார். பாமினி முதலிய பழைய குறியீடுகளில் இருப்பதை யூனிகோடாக மாற்றிக் கொடுக்கும் பொங்குதமிழை சுரதா யாழ்வாணன் தந்தார். முத்து நெடுமாறன் மலேசியாவில் 1980-களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கியிருந்தார். ஆனாலும் பழைய கணினிக்காரனையும் பந்தியில் உட்கார வைத்ததில் தேனீக்குத் தனி இடம் கொடுக்கத்தான் வேண்டும்.

இதில் வணிகவியல் கணக்கு ஒன்றும் உண்டு. வருமான வரிச் சட்டத்தின்படி கணினிக்கான தேய்மானம் பல ஆண்டுகள் 60 சதவீதமாக இருந்தது (2017 ஏப்ரல் முதல் 40 சதவீதம்). 40,000 ரூபாய்க்கு ஒரு கணினி வாங்கினால் முதலாண்டு முடிவில் ஏட்டு மதிப்பு 16,000, அடுத்து 6,400, மூன்றாம் ஆண்டு முடிவில் 2,560. ஏட்டில் செத்துவிட்ட அந்தக் கணினி கடை மேசையில் இன்னும் ஐந்து வருடம் பில் போட்டுக்கொண்டிருக்கும். விண்டோஸ் 98 நம் ஊரில் அவ்வளவு காலம் பிழைத்ததற்குப் பாசம் காரணமல்ல. ஓடுகிற எந்திரத்தை ஏன் மாற்ற வேண்டும் என்ற சிக்கனம்தான்.

மைக்ரோசாஃப்டும் இதைப் புரிந்துகொண்டது போலத்தான் நடந்தது. 2004 ஜனவரியில் ஆதரவை நிறுத்துவதாக இருந்தது, எதிர்ப்பு வரவே தள்ளிப்போட்டது. கடைசியில் 2006 ஜூலை 11-ம் தேதி விண்டோஸ் 98-க்கான ஆதரவு முடிந்தது.

அதற்கு மறுநாள், ஜூலை 12-ம் தேதி, உமர்தம்பி காலமானார். வயது 53. நான்கு ஆண்டுகள் கழித்து 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, உடன் நடந்த தமிழ் இணைய மாநாட்டு அரங்கு ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். யூனிகோடைத் தமிழக அரசு முறைப்படி ஏற்றுக்கொண்ட ஆணையும் அதே ஜூன் மாதத்தில்தான் வந்தது.

எக்ஸ்பி வந்ததும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதில் ரீஜனல் அமைப்புக்குள் போய் ஒரு பெட்டியில் டிக் அடித்தால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். டிக் அடித்தவுடன் எக்ஸ்பி சிடியைப் போடு என்று கேட்கும். சிடி யாரிடம் இருக்கிறது? ஏற்றிக் கொடுத்தவரிடம்! 2007-இல் விஸ்டா வந்த பிறகுதான் இந்தச் சிடி வேட்டை ஓய்ந்தது. இன்று கைப்பேசியில் கட்டைவிரலால் தமிழ் தட்டுபவருக்கு இதெல்லாம் கட்டுக்கதையாகத் தோன்றலாம்.

கட்டுக்கதை அல்ல என்பதற்குச் சாட்சி இன்னும் பல வீடுகளில் கிடக்கிறது. 1998-க்கும் 2005-க்கும் நடுவில் பாமினியிலோ டிஸ்கியிலோ வேறெதிலோ அடித்து வைத்த கல்யாணப் பத்திரிகை, ஜமாத் அறிக்கை, சங்கத் தீர்மானம், சொத்து ஒப்பந்தத்தின் நகல், ஃபிளாப்பியில் போட்ட கடிதம். எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால் மாற்றி எடுத்துவிடலாம். அதற்குக் கருவிகள் உண்டு. அடித்தவருக்கே மறந்துபோயிருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். காகிதத்தில் அச்செடுத்து வைத்தவர்கள் புத்திசாலிகள்.

விண்டோஸ் 98-ஐ இப்போதும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 86பாக்ஸ் போன்ற மென்பொருள்கள் இன்றைய கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினியைப் போலச் செய்து காட்டும். அதில் 98-ஐ ஏற்றினால் அதே மேகம், அதே தொடக்க இசை, அதே சாலிட்டேர். நோட்பேடும் அப்படியே இருக்கும். இன்றைய கணினியில் 'அம்மா' என்று அடித்துச் சேமித்த கோப்பை அந்த நோட்பேடில் திறந்து பாருங்கள். தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ' ஐந்து முறை வரும், நடுநடுவே வட்டத்துக்குள் ஓர் 'ஆர்' உட்கார்ந்திருக்கும்.