எலிகள் வருமுன்

ஜெர்மனியின் ஹேமலின் நகரத்துக் குழலூதியின் கதையைச் சிறுவர் கதையென்றே பலரும் அறிவர். எலிகளை ஒழித்தவனுக்குப் பேசிய கூலியை ஊரார் மறுத்தனர். அவன் பிள்ளைகளைக் கவர்ந்து சென்றான். ஆயின் 15ஆம் நூற்றாண்டின் லூனபர்க் கையெழுத்துச் சுவடியில் எலியும் இல்லை, கூலியும் இல்லை. 1284 ஜூன் 26ஆம் நாள் 130 பிள்ளைகள் ஒரு குழலூதியின் பின்னே சென்று மறைந்தனர் என்பதே செய்தி. எலிகள் 16ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தவை. கிழக்கு நாடுகளில் குடியேறச் சென்றிருக்கலாம் என்பர் ஆய்வாளர் சிலர்.

இக்கதையை வரலாற்றுத் திகில் புனைவாக்க முனைவோர் எலிகளை விலக்குதல் நன்று. கூலி என்னும் காரணம் இருக்குமட்டும் அது தண்டனைக் கதை. காரணம் நீங்கின், பெற்றோரிடம் எஞ்சுவது ஓர் எண்ணிக்கையே. (பேய் எதற்கு?) பிள்ளைகள் சென்றதாகச் சொல்லப்படும் தெருவில் இன்றும் இசை முழக்குவதில்லை.