சதுரங்கப் பலகையின் தானியக் கணக்கும் வட்டியின் இரட்டிப்பும்



சதுரங்கத்தை உருவாக்கிய இந்திய அறிஞர் அரசனிடம் கேட்ட பரிசின் கதையை நம்மில் பலர் அறிவோம். முதல் கட்டத்திற்கு ஒரு தானியம், இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தர வேண்டும். அதன் கூட்டுத்தொகை 1,84,46,74,40,73,70,95,51,615. இருபது இலக்கங்கள் கொண்ட இந்த எண்ணை முஸ்லிம் அறிஞர்கள் ஆராய்ந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

குவாரிஸ்மில் 973இல் பிறந்த அல்பீரூனி (ரஹ்), ஏறத்தாழ கி.பி. 1000இல் எழுதிய நூலில் இக்கணக்கை விளக்கினார். 64 முறை கூட்ட வேண்டிய தேவையே இல்லை. எந்தக் கட்டம் வரை கூட்டினாலும், அத்தொகை அடுத்த கட்டத்தின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவு. 1, 2, 4 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 7. அடுத்த கட்டத்தில் 8. ஆகவே 65ஆம் கட்டத்தைக் கண்டு ஒன்றைக் கழித்தால் போதும். ஐந்தாம் கட்டத்தின் 16ஐ அதனாலேயே பெருக்கினால் ஒன்பதாம் கட்டத்தின் 256. அதை அவ்வாறே பெருக்கினால் 17ஆம் கட்டத்தின் 65,536. மேலும் இருமுறை பெருக்க, 33ஆம் கட்டத்தைக் கடந்து 65ஐ அடைகிறோம்.

பல ஆண்டுகளுக்குப் பின் திமிஷ்கில் காழியாக விளங்கிய இப்னு கல்லிகான் (1211–1282), இத்தொகை இவ்வளவு பெரிதாகும் என்பதை முதலில் நம்பவில்லை. அலெக்ஸாந்திரியாவின் கணக்கர் ஒருவர் தாளில் எழுதிக் காட்டினார். 16ஆம் கட்டத்தின் 32,768 தானியங்களை எகிப்திய அளவையான ஒரு கதஹ் எனக் கொண்டு, படிப்படியாக உயர்ந்தார். நாற்பதாம் கட்டத்தில் ஒரு களஞ்சியம் நிறைந்தது. ஐம்பதாம் கட்டத்தில் 1,024 களஞ்சியங்கள். அதை ஒரு நகரம் என்றார். 64ஆம் கட்டத்தில் 16,384 நகரங்கள்! உலகில் அத்தனை நகரங்கள் இல்லை என்று முடித்தார். காழி ஏற்றுக்கொண்டார்.

இந்த எண்ணின் இயல்பு இங்கேதான் விளங்குகிறது. முதல் 32 கட்டங்களின் மொத்தம் 4,29,49,67,295. அடுத்த 32 கட்டங்களின் மொத்தம் அதைப்போல் 4,29,49,67,296 மடங்கு. பலகையின் முதற்பாதியில் நின்று பார்ப்பவருக்கு முடிவு தெரியாது.

சிலமலையிலும் போடியின் மலைச்சரிவுகளிலும் வாழும் நாம் ஏலக்காயை ஒவ்வொரு கிலோவாக நிறுத்து விலை பேசுகிறோம். ஆனால் கடன் பத்திரத்தில் கையொப்பமிடும்போது அந்தக் கவனம் எங்கே? நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் என்றால் சிறிதாகத் தோன்றும். செலுத்தாத வட்டி முதலோடு சேருமானால், 10,000 ரூபாய் எட்டு மாதங்களில் 21,000ஐத் தாண்டும். இரண்டு ஆண்டுகளில் 98,000ஐத் தாண்டும். பறிப்புக்கு முன் வாங்கிய கடன் தோட்டத்தையே விழுங்குவது இவ்வாறே.

ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 130ஆம் வசனம், வட்டியை இரட்டிப்பாகவும் பன்மடங்காகவும் உண்பதைத் தடுக்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் 261ஆம் வசனமோ, ஏழு கதிர்களில் நூறு நூறாக விளையும் ஒரு விதையை இறைவழியில் செலவிடுவதற்கு உவமையாக்குகிறது. பெருக்கம் இரண்டிலும் உண்டு. ஒன்று கடனாளியின் வீட்டை வெறுமையாக்குகிறது; மற்றொன்று ஏழையின் வீட்டை நிரப்புகிறது.

நம் பிள்ளைகளுக்கு இக்கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுவோம். கடன் கேட்டு வரும் உறவினருக்கு இயன்றவரை கர்ழன் ஹஸனாவாக, வட்டியின்றி அழகிய கடனாக, கொடுப்போம். அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் அருள்வானாக! ஆமீன்.