இடது கீழறைத் துணைப் பம்பு

இடது கீழறைத் துணைப் பம்பு என்பது, மருந்துக்குக் கட்டுப்படாத அளவுக்குப் பலவீனமாகிவிட்ட இதயத்தின் இடது கீழறையிலிருந்து ரத்தத்தை இழுத்துப் பெருந்தமனிக்குள் செலுத்தும் கருவி. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ‘எல்வேட்’ என்பார்கள். செயற்கை இதயம் வேறு, இது வேறு. இங்கே நோயாளியின் இதயம் அகற்றப்படுவதில்லை. அதன் சுமையின் பெரும்பகுதியைப் பம்பு ஏற்றுக்கொள்கிறது.

1953இல் அமெரிக்காவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் எந்திரத்தைக் கொண்டு அறுவை சிகிச்சை செய்து காட்டினார். ஆனால் அறுவை முடிந்த பிறகும் சில இதயங்கள் பழையபடி இயங்க மறுத்தன. துணைப் பம்பு பிறந்தது அத்தகைய நோயாளிகளுக்காகத்தான். 1963இல் ஹூஸ்டனில் டொமிங்கோ லியோட்டாவும் ஸ்டான்லி கிராஃபோர்டும் முதல் பம்பைப் பொருத்தினர், நோயாளி பிழைக்கவில்லை. 1966இல் அதே நகரில் மைக்கேல் டிபேக்கி, வால்வு அறுவை செய்துகொண்ட 37 வயதுப் பெண் ஒருவருக்கு 10 நாள் பம்பை ஓட்டினார். இதயம் தேறியது, பம்பைக் கழற்றினார்கள், அவர் வீடு திரும்பினார்.

அதன்பின் பத்திரிகைகளின் கவனம் முழுச் செயற்கை இதயத்தின் மீது போயிற்று. 1982இல் யூட்டாவில் ‘ஜார்விக்-7’ பொருத்தப்பட்ட பார்னி கிளார்க் 112 நாள் வாழ்ந்ததை உலகமே பின்தொடர்ந்தது. துணைப் பம்புக்கு அந்தப் புகழ் வாய்க்கவில்லை, பலன் வாய்த்தது. 1984இல் ஸ்டான்ஃபோர்டில் ‘நோவாகோர்’ பம்பு ஒரு நோயாளியை மாற்று இதயம் கிடைக்கும்வரை காப்பாற்றி வைத்தது. 1994இல் ‘ஹார்ட்மேட்’ பம்புக்கு இதே பயன்பாட்டுக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் வழங்கியது.

மாற்று இதயத்துக்கே தகுதி இல்லாதவர்கள்? 2001இல் வெளியான ‘ரீமேட்ச்’ ஆய்வு அத்தகைய 129 பேரை எடுத்துக்கொண்டது. ஓராண்டு முடிவில் பம்பு பொருத்தப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினரும், மருந்து மட்டும் பெற்றவர்களில் 25 விழுக்காட்டினரும் உயிரோடிருந்தனர். இரண்டாம் ஆண்டில் அது 23-க்கு 8 என்று சரிந்தது. நோய்த்தொற்றும் பம்பின் தேய்மானமும் பலரைக் கொண்டுபோயின.

கோளாறு வடிவமைப்பிலேயே இருந்தது. அந்தப் பம்புகள் இதயத்தை அப்படியே நகல் செய்தன: நிரம்பும், பீய்ச்சும், வால்வு மூடும். ஒரு கிலோவுக்கு மேல் எடை. ஓயாமல் உராயும் பாகங்கள். மாற்று வழியைக் கண்டவர் ரிச்சர்ட் வாம்ப்ளர். எகிப்தில் ஆர்க்கிமிடீஸ் திருகால் தண்ணீர் இறைப்பதைப் பார்த்த அவர், ரத்தத்தையும் அப்படி இறைக்கலாமே என்று யோசித்தார். அவருடைய ‘ஹீமோபம்ப்’ 1988இல் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்டது. நிமிடத்துக்கு 25,000 சுற்றுகள் வரை சுழன்ற அந்தச் சிறு திருகு, பலர் அஞ்சியதுபோல் ரத்த அணுக்களை அரைத்துத் தள்ளிவிடவில்லை.

2000இல் ஆக்ஸ்ஃபோர்டில் ‘ஜார்விக் 2000’ பொருத்திக்கொண்ட பீட்டர் ஹௌட்டன் ஏழாண்டுக்கு மேல் வாழ்ந்தார். அவருக்கு மின்சார இணைப்பு காதுக்குப் பின்னால், மண்டையோட்டில் திருகப்பட்ட செருகியில் இருந்தது. சுழல் பம்பான ‘ஹார்ட்மேட் 2’ 2008இல் ஒப்புதல் பெற்றது. அமெரிக்க முன்னாள் துணை அதிபர் டிக் சேனி 2010இல் இதைப் பொருத்திக்கொண்டு, 2012இல் மாற்று இதயம் பெற்றார்.

சுழல் பம்பில் ரத்தம் இடைவிடாமல் ஓடுவதால் மணிக்கட்டில் நாடி பெரும்பாலும் தட்டுப்படாது. ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்தால் ‘லப்-டப்’புக்குப் பதில் ரீங்காரம், ரத்த அழுத்தம் அளக்க டாப்ளர் கருவி வேண்டும். விலையும் இருந்தது: குடலில் ரத்தக்கசிவு, பம்புக்குள் ரத்த உறைவு, பக்கவாதம். ‘ஹெச்வேட்’ என்ற மற்றொரு பம்பின் விற்பனை, நரம்பியல் பாதிப்புகளும் இறப்பும் கூடுதலாக இருந்ததால் 2021இல் நிறுத்தப்பட்டது.

2017இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற ‘ஹார்ட்மேட் 3’இல் சுழலி எதையும் தொடாமல் காந்தப் புலத்தில் மிதக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கைவிட்ட துடிப்பைப் பொறியாளர்களே திரும்பக் கொண்டுவந்தார்கள்: இரண்டு விநாடிக்கு ஒருமுறை பம்பு தன் வேகத்தை மாற்றி, உள்ளே ரத்தம் தேங்கவிடாமல் அலசுகிறது. 1,028 பேரிடம் நடந்த ‘மொமென்டம் 3’ ஆய்வில், ஐந்தாண்டுக்குப் பின் இதைப் பெற்றவர்களில் 58 விழுக்காட்டினரும், ‘ஹார்ட்மேட் 2’ பெற்றவர்களில் 44 விழுக்காட்டினரும் உயிரோடிருந்தனர்.

தீராத சங்கடம் மின்கம்பிதான். வயிற்றுத் தோலைத் துளைத்து வெளிவரும் அந்த ‘டிரைவ்லைன்’ வழியே கிருமிகள் நுழைகின்றன. நோயாளி பேட்டரிகளைத் தோளில் மாட்டித் திரிய வேண்டும். குளம், கடல் எதிலும் இறங்கக் கூடாது. கம்பியில்லாமல் தோல் வழியே மின்சாரம் செலுத்தும் முயற்சிகள் இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கின்றன.