சாலொமோனின் மரமும் சேஷாசலத்தின் செம்மரமும்

திருச்சானூருக்கும் திருமலைக்கும் செல்வோர் வாங்கிவரும் மரப்பாச்சிப் பொம்மைகள் மரபாகச் செம்மரத்தில் கடையப்பட்டவை. அருகிலுள்ள சேஷாசல மலைத்தொடர் அம்மரத்தின் இயற்கை வாழிடம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கு வெளியே அது இயல்பாக வளர்வதில்லை. ஆகவே, எருசலேம் ஆலயத்திற்குச் சாலொமோன் தருவித்த 'அல்முக்' நம் செம்மரமே என்னும் கூற்று இப்பகுதியினருக்குப் பெருமிதம் தருவதில் வியப்பில்லை. அக்கூற்றுக்குச் சான்று உண்டா என்பதே கேள்வி.

1 இராஜாக்கள் 10:11–12இன்படி, ஈராமின் கப்பல்கள் ஓப்பீரிலிருந்து பொன்னுடன் அல்முக் மரங்களையும் கொண்டுவந்தன. அரசன் அவற்றைக் கொண்டு ஆலயத்திற்கும் அரண்மனைக்கும் கட்டுமான உறுப்புகளும், பாடகர்க்கு யாழ் வகைகளும் செய்வித்தான். செம்மரம் இன்றும் இசைக்கருவிக்கு உகந்தது. ஜப்பானிய ஷாமிசெனின் உயர்வகைக் கழுத்து அதனால் ஆனது. ஆனால் பொருத்தம் வேறு, சான்று வேறு.

19ஆம் நூற்றாண்டில் லாசன், இச்சொல்லைச் சந்தனத்தைக் குறிப்பதாகக் கொண்ட 'வல்குக' என்னும் சமஸ்கிருதச் சொல்லுடன் இணைத்தார். மாக்ஸ் முல்லர் தம் 1861ஆம் ஆண்டு மொழியியல் சொற்பொழிவுகளில் அதைப் பரப்பினார். அப்போது உகாரித்தும் மாரியும் மண்ணுக்குள் இருந்தன. முன்னதில் 1929இலும் பின்னதில் 1933இலும் அகழாய்வு தொடங்கியது. உகாரித்து ஏடுகளில் 'அல்ம்க்' என்றும், அக்காடிய மொழியில் 'எலம்மக்கு' என்றும் இதே மரப்பெயர் வெளிப்பட்டது. மாரியின் அரசன் யக்துன்-லிம், மத்தியதரைக் கடலோர மலைகளில் கேதுரு முதலியவற்றுடன் எலம்மக்கு மரத்தையும் வெட்டியதாகத் தன் கல்வெட்டில் பதிந்துள்ளான். அவன் காலம் கி.மு. 1800ஐ ஒட்டியது; சாலொமோனுக்கு ஏறத்தாழ எட்டு நூற்றாண்டு முற்பட்டது. ஆகவே இச்சொல் சிரியப் பகுதியில் வழங்கியது. அங்கு வளர்ந்த ஒரு மரத்தைக் குறித்தது.

இதன்பின் 2 நாளாகமம் 2:8 தெளிவு பெறுகிறது. அங்குச் சாலொமோன் 'அல்கும்' மரத்தை லீபனோனிலிருந்தே கேட்கிறான். முன்பு ஆசிரியரின் பிழையெனக் கருதப்பட்ட இவ்வரிக்கு இப்போது வலுவான துணை கிடைத்துள்ளது.

பிற்கால விளக்கங்களும் செம்மரத்திற்குச் சாதகமாக இல்லை. யோசேப்பு அதை அத்தி மரத்தையொத்த, ஆனால் அதனினும் வெண்மையும் பளபளப்பும் மிக்க மரம் என்கிறார். தமிழ் வேதாகமம் 'வாசனை மரம்' என மொழிபெயர்க்கிறது. செம்மரத்திற்கோ சந்தனத்தின் நறுமணம் இல்லை. யூத மரபில் இச்சொல்லுக்குப் பவளம் என்னும் பொருளும் ஏற்பட்டது. தற்கால எபிரேயத்தில் 'அல்மோக்' பவளமே. செந்நிற மரம் என்னும் எண்ணத்திற்கு இதுவும் துணைசெய்திருக்கலாம்.

அப்படியாயின் ஓப்பீர்க் குறிப்பு எவ்வாறு வந்தது? பழகிய மரப்பெயரைத் தொலைவிலிருந்து வந்த வேறொரு மரத்திற்கு வணிகர் சூட்டியிருக்கலாம். நம்மிடமே எடுத்துக்காட்டு உண்டு: செம்மரத்தைச் 'செஞ்சந்தனம்' என்கிறோம். அது அவரைக் குடும்பத்தது. சந்தனத்துடன் தாவர உறவு இல்லாதது. எனவே அக்கப்பல்களில் இந்திய மரம் ஏதும் வந்ததேயில்லை என்று மறுப்பதற்கில்லை. ஆனால் அதை நிறுவச் சொல் போதாது. காலம் உறுதிசெய்யப்பட்ட அகழாய்வு அடுக்கிலிருந்து, நுண்ணோக்கியில் இனம் காணப்பட்ட மரத்துண்டு வேண்டும்.

கால்டுவெல் சுட்டிய 'துக்கி' – 'தோகை' உறவு இதிலிருந்து வேறான வழக்கு. அதை அதன் சான்றுகளைக் கொண்டே எடைபோட வேண்டும். ஒரு சொல்லின் வலிமையை மற்றொன்றுக்குக் கடன் தர இயலாது. பண்டைக் கடல்வணிகத்தில் தென்னிந்தியாவின் பங்கை மிளகும் மணிகளும் பானை எழுத்துகளும் உறுதியாகக் காட்டுகின்றன. அந்த வரலாற்றின் மதிப்பைக் காக்க விரும்பும் மாணவர், சான்றற்ற சொல்லொப்புமையை அதனுடன் சேர்க்காதிருப்பதே நலம்.