ஆங்கிலேயர் அகராதியில் நம் சொற்கள்



கடல் கடந்து செல்லும் மொழி, சென்ற இடத்துச் சொற்களையும் ஏற்றுக்கொள்ளும். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் பேச்சும் அவ்வாறே மாறியது. அந்தப் பேச்சைத் தொகுத்து 1886 இல் இலண்டனில் வெளிவந்த அகராதியின் பெயர் 'ஹாப்சன் ஜாப்சன்'. முகரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹசன், யா ஹுசேன்' என்னும் குரல், ஆங்கிலச் சிப்பாய்களின் வாயில் அப்படித் திரிந்தது. அதையே நூலுக்குப் பெயராக்கினர்.

இதைத் தொகுத்தவர் இருவர். ஒருவர் பொறியியல் படை அதிகாரியாக இருந்த ஹென்றி யூல். மற்றவர் தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றிய ஆர்தர் பர்னெல். 1872 இல் கடிதங்கள் வழியாகத் தொடங்கிய பணி இது. 1882 இல் பர்னெல் மறைந்தார். யூல் நூலை முடித்தார். 1903 இல் வில்லியம் குரூக் அதனை விரிவாக்கி மீண்டும் பதிப்பித்தார்.

இவர்கள் சொல்லுக்குப் பொருள் மட்டும் எழுதவில்லை. பயணிகளின் குறிப்புகள், கும்பினியாரின் கடிதங்கள் முதலியவற்றில் அச்சொல் வரும் வரிகளைத் திரட்டி, ஆண்டு வரிசையில் அடுக்கினர். ஒரு சொல்லின் வரலாறே நம் கண்முன் நடந்து வருகிறது.

நம் கட்டுமரமும், சுருட்டும், மிளகுத்தண்ணீரும் அதில் ஆங்கிலச் சொற்களாய் நிற்கின்றன. வீட்டு வளாகத்தைக் குறிக்கும் 'காம்பவுண்ட்' என்ற சொல்லுக்கு மலாய் மொழியின் 'கம்போங்' மூலமாகக் காட்டப்படுகிறது. 'கொடவுன்' மலாய் வழியாக வந்தது. அதற்கும் பின்னே நம் 'கிடங்கு' இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

இனி 'கூலி' என்ற சொல்லைப் பார்ப்போம். குஜராத்துப் பக்கத்துக் 'கோலி' இனத்தாரின் பெயரே அதன் மூலமாக இருக்கக்கூடும் என்கிறது அகராதி. தமிழில் கூலி என்றால் ஊதியம் என்பதையும் மறைக்காமல் குறிக்கிறது. நமக்கு உழைப்பின் பயனாக இருந்த சொல், ஆங்கிலத்தில் உழைப்பவனின் பெயராகிவிட்டது. மலாயாத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டியரைச் சுட்டியதும் அந்தப் பெயர்தானே!

அகராதிக்குச் சான்று எழுத்தே. அக்காலத்தில் எழுதியவர்களோ பெரும்பாலும் பயணிகள், வணிகர், அதிகாரிகள். மூட்டை சுமந்தவர் அச்சொல்லை எப்படி உணர்ந்தார் என்பதற்கு அதில் வரி இல்லை.

ஆகவே நேயர்களே, நம் வீட்டு முதியவர்கள் வழங்கும் தோட்டப்புறச் சொற்களை, யார் எப்போது சொன்னார் என்ற குறிப்புடன் ஏட்டில் எழுதி வைப்போம். எழுதாத சொல்லுக்கு நாளை சாட்சி இல்லை.