டர்னர் நோய்க்குறி

பெண்ணின் இரு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுமையாகவோ பகுதியாகவோ இல்லாத பிறவிநிலை. ஏறத்தாழ 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது உண்டு. ஹென்றி டர்னர் 1938-இல் விவரித்தார்; குரோமோசோம் காரணம் 1959-இல் தெளிவானது. தேனி மாவட்டத்தின் கம்பம், சின்னமனூர் பக்கம் பெண் வயதுக்கு வரத் தாமதமானால்தான் வீட்டில் கவலை எழும்; அதனால் இதைச் சூலகக் கோளாறாக மட்டுமே பார்த்துவிடுகிறோம். அந்தப் பார்வை ஆபத்தானது. பெருந்தமனி குறுகுதல், மூன்றுக்குப் பதில் இரு மடல் கொண்ட இதய வால்வு, குதிரைலாட வடிவச் சிறுநீரகம், கைகால் நிணநீர் வீக்கம் ஆகியவை பிறக்கும்போதே இருக்கலாம். செவித்திறன் குறைவும் தைராய்டு சுரப்புக் குறைவும் பின்னால் சேரலாம்.

இவையெல்லாம் ஈஸ்ட்ரோஜன் குறைவின் விளைவுதானே எனலாம். எலும்பு மெலிவுக்கு அது பெருமளவு பொருந்தும். கருவிலேயே உருவான இதயக் குறைக்குப் பொருந்தாது. எல்லாப் பெண்களிலும் ஒரு எக்ஸ் முடக்கப்படுகிறதே, பிறகு ஒன்று போதாதா என்பது இன்னும் கூர்மையான கேள்வி. முடக்கம் முழுமையானதல்ல, சில மரபணுக்கள் தப்பிச் செயல்படுகின்றன. எலும்பு வளர்ச்சிக்கான ஷாக்ஸ் அவற்றில் ஒன்று. அதன் ஒரு பிரதி குறைவதால்தான் உயரம் குறைகிறது. ஆகவே, தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தாலும் மதுரைக்குப் போனாலும், குரோமோசோம் சோதனையில் இது உறுதியான சிறுமிக்கு எக்கோ பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பெருந்தமனிக் கிழிசல் இளவயதிலேயே உயிரைப் பறிக்கக்கூடும்.